தம்பி என்று கூப்பிட்ட குற்றம்

அத்தியாயம் 11

கடிதத்தைப் பிரித்தாள் என்று சொல்லிப் போன வாரம் நிறுத்திவிட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. "உள்ளே என்ன இருந்ததுன்னு ஒரு வரி எழுதியிருந்தா பேனா தேஞ்சா போயிடும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயம்தான். ஆகவே முதல் வேலையாக அந்த ஒரு வரி.

"பயணியும் ஓட்டுநரும் உடன்பிறந்தவர்கள் எனத் தெரியவருவதால், இது வாடகைப் பயணம் ஆகாது. உங்கள் கோரிக்கை மறுக்கப்படுகிறது."

கண்ணாடிக்காரி அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை கடிதம் வேறு வீட்டுக்குப் போகவேண்டியதோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள். இவளுக்குத்தான் வந்திருந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்கள் முழிக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைப் பிரேமில் பொருத்துகிற வேலை இவளுக்கு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே முக்காலி. தெருவில் எல்லோருக்கும் கண்ணாடிக்காரி. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வேறு தேசத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள். இரண்டு அறை வீட்டில் இவள் ஒருத்திதான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் கடையிலிருந்து வீட்டுக்கு வர ஆப்பில் கார் கூப்பிட்டாள். பாதி வழியில் ஆப் திணறி, பயணம் ரத்து என்று தானாகவே காட்டிவிட்டது. டிரைவர் நல்ல பிள்ளை. "பரவாயில்லக்கா, உக்காருங்க, பாதி வழியில இறக்கி விட்டா நல்லாவா இருக்கும்?" என்றான். அடுத்த சிக்னலில் ஒரு வேன் வந்து பக்கவாட்டில் மோதியது. இவளுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். உறவென்று ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எலும்பைச் சேர்க்க வைத்த தகடு நகர்ந்துவிட்டது, இந்த மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மணிக்கட்டு திரும்பும், இல்லாவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பாத மணிக்கட்டு திருகு முடுக்காது. திருகு முடுக்காதவளுக்கு அந்தக் கடையில் என்ன வேலை? ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்க, வாடகைப் பயணிகளுக்கு நஷ்டஈடு தரும் கார் ஆப்பின் இன்சூரன்ஸ் கம்பெனி செலவை ஏற்கிறது என்ற கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. இன்று நாலு மணிக்குக் கடைசி விசாரணை என்று அதன் அடியில் போட்டிருந்தது. இன்று விட்டால் விட்டதுதான்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். ஒரு கையால் பற்பசை மூடியைக்கூடத் திறக்க முடியாது என்று இவள் இந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டாள். பல்லால் கடித்துத் திறந்து, இடது கையால் பல் தேய்த்து, பாதி நுரையைத் தாடையில் விட்டுக்கொண்டு நின்றபோது மகள் கூப்பிட்டாள்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"கை இருக்கு. நான்தான் எப்படியோ இருக்கேன்."

"லெட்டர்ல என்ன போட்டிருக்கான்?"

"அந்த டிரைவர் என் கூடப்பொறந்தவனாம்."

மகள் சிரித்தாள். தான் ஒருத்தி மட்டும் சிரிப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "அப்ப மாமாவைக் கூட்டிட்டுப் போம்மா. நான்தான் தம்பின்னு அவர் வந்து நின்னா முடிஞ்சுது."

"எந்த மாமா?"

"உனக்கு எத்தனை தம்பிம்மா?"

"கம்பெனி கணக்குப்படி ரெண்டு."

"விளையாடாதே. ஒன்பது வருஷம் போதாதா? நீயாப் போய்க் கூப்பிடு. கௌரவம் பாத்தா கை போயிடும்."

"நீ வேலைக்குக் கிளம்பு" என்று போனை வைத்தாள். பெற்ற பெண் புத்தி சொல்லும்போது யாருக்குத்தான் பிடிக்கும்?

இலவச சட்ட உதவி மையம் ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் சுற்றச் சுற்ற மேலே மேஜை நடுங்கும். வக்கீல் சின்னப் பெண். மதியச் சாப்பாட்டுக்கு பிஸ்கட் தின்கிறவள். ஆனால் கெட்டிக்காரி.

"வண்டிக்குள்ள கேமரா இருந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசினது மொத்தமும் பதிவாகியிருக்கு. கம்பெனியில யாருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கக் குடுத்திருக்காங்க" என்று, ஒரு பக்கம் தமிழும் எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்புமாக இருந்த காகிதக் கட்டை நகர்த்தினாள். "நீங்க அந்த டிரைவரைப் பதினோரு தடவை தம்பின்னு கூப்பிட்டிருக்கீங்க."

"பின்னே மாமான்னா கூப்பிடுவாங்க?"

"அதை அப்படியே 'இளைய சகோதரன்'னு மொழிபெயர்த்திருக்காங்க. அவர் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் 'மூத்த சகோதரி'. அதாவது பரவாயில்லை. இதைக் கேளுங்க." வக்கீல் படித்தாள். "'அம்மா எப்படி இருக்காங்க?' இது நீங்க. 'சாப்பிட்டுத் தூங்கிட்டாங்கக்கா.' இது அவர். 'அப்பா போனப்புறம் அம்மாவுக்கு வேற யாரு இருக்கா? நாமதானே பாத்துக்கணும்.' இதுவும் நீங்க."

"அய்யோ, அது அந்தத் தம்பியோட அம்மா! வண்டி எடுக்கறப்ப அவங்ககிட்டத்தான் போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. ஒரு மரியாதைக்கு விசாரிச்சேன். நாமன்னா நானும் அவரும்னா அர்த்தம்? பொதுவாச் சொல்றதுதானே!"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு 'நாம'ன்னா நீங்க ரெண்டு பேரும்தான். அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு. பயணம் வேற ஆப்புல ரத்துன்னு காட்டுது. தம்பி அக்காவைச் சும்மா வீட்டுல விடப் போயிருக்கான்னு முடிச்சுட்டாங்க. ஆப் ரத்தானதை நான் வாதாடிப்பேன், ஏத்தின ஆளை இறக்கி விடற வரைக்கும் அது பயணம்தான். ஆனா இந்தத் தம்பியை நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கம்மா செத்து ஒன்பது வருஷமாச்சுங்க!"

"காலையிலேயே மெயில்ல இறப்புச் சான்றிதழும் அனுப்பினேன். அம்மான்னா மாமியாராவும் இருக்கலாம், உங்க ஆளுங்க யாரை வேணும்னாலும் அம்மான்னு கூப்பிடுவீங்கன்னு பதில் போட்டிருக்காங்க."

"அதை மட்டும் எங்கேர்ந்து கத்துக்கிட்டாங்களாம்?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்காரியும் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை, அப்புறம் அது அழுகையாகத் திரும்பிவிட்டது. வக்கீல் தன் பிஸ்கட் பொட்டலத்தை இவள் பக்கம் தள்ளினாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வேறொன்றும் கையில் இல்லை.

"டிரைவர் வந்து சொன்னா நல்லது. ஆனா அவரை வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க, நம்பரையும் மாத்திட்டார். உங்க குடும்பப் பதிவேட்டுல உங்களுக்கு ஒரு தம்பி இருக்கறதாக் காட்டுது. அந்த நிஜத் தம்பி வந்து, நான்தான் இவங்களோட ஒரே தம்பி, வண்டியை ஓட்டினது நான் இல்லைன்னு கையெழுத்துப் போட்டு நேர்லயும் சொல்லணும். அவர் எங்க இருக்கார்?"

"இந்த ஊர்லதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. கூப்பிடுங்க."

"நம்பர் இல்லை" என்றாள் கண்ணாடிக்காரி.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டதில், பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாம் மாடியில் இருக்கிறான் என்றார்கள். லிஃப்டைப் பழுது பார்க்கிறவனைப் பார்க்க ஆறு மாடி படியேறிப் போகவேண்டிய தலையெழுத்தை நினைத்துத் தன்னைத்தானே நொந்துகொண்டே ஏறினாள். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. ஐந்தாம் மாடியில், திரும்பிப் போய்விடலாமா என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போவது எங்கே? அந்தக் கடை முக்காலியில் இப்போது ஒரு தற்காலிக ஆள் உட்கார்ந்திருக்கிறான். நேற்று போனபோது முதலாளி, "நீங்க நிதானமா வாங்க, அவசரமில்லை" என்றார். வேலையில் அவசரமில்லை என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று இவளுக்குத் தெரியாதா?

ஆறாம் மாடியில் லிஃப்ட் கதவு விரியத் திறந்து கிடந்தது. பெட்டி பாதி இறங்கி நிற்க, அதன் கூரைமேல் அவன் நின்றிருந்தான். இவள் முழங்கால் உயரத்தில் அவன் தலை. நடுவில் வழுக்கை விழுந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் இவளுக்குத் தெரியாமல் விழுந்த வழுக்கை.

"கொஞ்சம் மேல வர முடியுமா?" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்ட வீடுகளில் எல்லோருக்கும் இந்த இலக்கணம் அத்துப்படி.

அவன் நிமிர்ந்தான். முகத்தைப் பார்த்தான், கைக்கட்டைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"என்ன வேணும்?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"என் கையெழுத்தா?" அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அம்மா மூச்சுக் குழாயை எடுக்க ஆஸ்பத்திரியில நீ கையெழுத்துப் போட்டப்ப என் கையெழுத்து வேணும்னு தோணலை. ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா வந்திருப்பேன். அம்மா முகத்தை உயிரோட பாத்திருப்பேன். இப்ப மட்டும் நான் வேணுமோ?"

"அவங்களால தாங்க முடியலை. ரெண்டு மணி நேரமும் நான்தான் பக்கத்துல இருந்தேன். நீ இல்லை."

"ஆமா, இல்லை. அதையேதான் நானும் சொல்றேன்."

எங்கோ கீழே ஒரு கிழவர், "லிஃப்ட் எப்ப சரியாகும்?" என்று கத்தினார். "ஆகும், ஆகும்" என்று இவன் பதிலுக்குக் கத்தினான்.

வாக்குவாதம் செய்ய இவளுக்குத் தெம்பில்லை. கடிதத்தையும் காகிதக் கட்டையும் குனிந்து நீட்டினாள். அவன் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். படித்தான். ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம். அப்புறம் ஒரே இடத்தில் நின்றுவிட்டான்.

"'அம்மா எப்படி இருக்காங்க. சாப்பிட்டுத் தூங்கிட்டாங்க.'" மெல்லப் படித்தான். "கம்பெனிக்காரன் பரவாயில்லையே. நம்ம அம்மாவை எழுப்பி உக்கார வச்சு, சோறு போட்டு, தூங்க வச்சுட்டானே."

அவன் அந்தக் காகிதத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த இரண்டு வரியைத் திரும்பவும் படித்தான் என்று நினைக்கிறேன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"நாலு."

அவன் கூரையிலிருந்து தாவி ஏறினான். வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் படியிறங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நின்றான், இவள் செருப்புச் சத்தம் அருகில் வந்ததும் நகர்ந்தான். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. கம்பெனி அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, மரியாதையானவர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். அவருக்கு முகம் இல்லை, குரல் மட்டும். இந்தப் பக்கம் வக்கீலின் ஆடும் மேஜைக்கு முன்னால் அக்காவும் தம்பியும். இருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி போட்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

தம்பி கையெழுத்துப் போட்டான். அடையாள அட்டையைத் திரையில் காட்டினான்.

"வண்டி ஓட்டினவர் வேறொருவர் என்பதற்கு உங்களிடம் வேறு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்" என்றது குரல்.

"ஆதாரம் உங்க காகிதத்துலயே இருக்கு" என்றான் தம்பி. "இதை மொழிபெயர்த்தது யாரு?"

கொஞ்சம் தயங்கி, "நான்தான்" என்றது குரல். "சொன்னதை மாற்றி எழுத எங்களுக்கு உரிமை இல்லை."

"மாத்த வேணாம் சார். சொன்னதை முழுசா எழுதியிருக்கலாமே. 'தம்பி, இங்க நிறுத்துங்க.' 'பாத்துப் போங்க தம்பி.' அந்த 'ங்க' எங்க போச்சு? கூடப்பொறந்த தம்பிக்கு யாராவது 'ங்க' போடுவாங்களா? எங்கக்கா வாயில எனக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைச்சதில்லை. நான் ஓட்டியிருந்தா 'நிறுத்துடா மடையா'ன்னு இருந்திருக்கும்."

வக்கீல் மேஜைக்கு அடியில் கையைத் தட்டாத குறை. மொழிபெயர்ப்பாளர் வெகுநேரம் அதை அதிகாரிக்கு விளக்கினார். ஒரு 'ங்க'வுக்கு இத்தனை நீளமான விளக்கம் அதற்கு முன் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"சாட்சியத்தை ஏற்கிறார். ஆனால் ஓட்டுநரும் வந்து ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால், ஆபரேஷன் செலவுக்கு ஒப்புதல் தருவதாகச் சொல்கிறார்."

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்தான். நம்பரை மாற்றிக்கொண்டு போனவனை எங்கே போய்த் தேடுவது? வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குரல் தொடர்ந்தது.

"கடைசியாக ஒரு வழக்கமான கேள்வி. சகோதரிக்கு விபத்து நடந்தது சாட்சிக்கு எப்போது தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்" என்றான் தம்பி.

கண்ணாடிக்காரி திரும்பினாள்.

"அவ பொண்ணு அழுதுக்கிட்டே போன் பண்ணினா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"சகோதரியைப் பார்த்தீர்களா?"

"கதவு வரைக்கும் போனேன்." அவன் திரையைப் பார்த்துத்தான் பேசினான். "கட்டில் பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான். தலையில கட்டு. இவளுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டிருந்தான். இவ பாதி மயக்கத்துல தம்பி, தம்பின்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. சரி, ஆள் இருக்கு, நாம எதுக்குன்னு திரும்பிட்டேன்."

குரல் அதை மொழிபெயர்க்கவில்லை. கீழே சலவை இயந்திரம் ஒன்று வேகமெடுத்துச் சுற்ற, மேஜை நடுங்கியது.

ஏழு வாரம். ஆஸ்பத்திரியில் அந்த நாலு நாளும் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருவரும் வரவில்லை, நான் செத்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள்! வந்திருக்கிறான். பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறான். இவள் வாயிலிருந்து வந்த வார்த்தையே அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுடா" என்றாள்.

டிரைவர் யார் என்று கேட்ட கம்பெனிக்கு மூன்று கடிதத்தில் எழுதிய அதே வாக்கியம்தான். அங்கே அந்த 'டா' இல்லை.

தம்பி எழுந்து வேலைப் பையை எடுத்தான். வாரை இரண்டு தடவை சரிசெய்தான்.

"கீழ் மாடியில ஒரு பெரியவர் லிஃப்டுக்குக் காத்துக்கிட்டிருக்கார்" என்றான். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "வர்றேன்" என்றான்.

படியில் அவன் பூட்ஸ் சத்தம் இறங்கியது.

திரையில் அதிகாரி புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார்.

"எழுந்துபோன சாட்சி கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறார்" என்றது குரல். "பதிவில் எழுத வேண்டுமாம். நான் 'வருகிறேன்' என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் போகிறாரே என்கிறார். போகிறார் என்றே எழுதிவிடட்டுமா அம்மா? நம்ம பேச்சில் அதற்கு அதுதானே அர்த்தம்?"

கண்ணாடிக்காரி வாசலைப் பார்த்தாள். பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"வேணாங்க" என்றாள். "வர்றேன்னுதான் சொன்னான். அப்படியே எழுதிக்குங்க."